விளிம்பைப் பார்க்காமல் வாங்க வேண்டாம்

பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் பிரிட்டன் தொழிலதிபர்கள் வெளியிட்ட செப்பு டோக்கன்களை (அரசு நாணயத்துக்குப் பதிலாகத் தனியார் அடித்த காசுகளை), பழைய நாணயங்கள் பற்றிய உங்கள் கட்டுரை கள்ள நாணயங்களோடு ஒரே வரிசையில் வைத்திருப்பதை என்னால் ஏற்க இயலவில்லை. அரசு நாணயச்சாலை 1775-க்குப் பிறகு பல ஆண்டுகள் செப்புக் காசு அடிக்காமல் விட்டதால், கூலி கொடுக்கவும் நல்ல சில்லறை கிடைக்காத நிலையில், வேல்ஸின் ஆங்கிள்சித் தீவிலிருந்த பாரிஸ் (Parys) செப்புச் சுரங்க நிறுவனம் 1787-இல் தன் சொந்தச் செம்பிலேயே பென்னி டோக்கன்களை அடித்தது. ஒருபுறம் ஓக் இலை வளையத்துக்குள் முக்காடிட்ட துரூயிடு எனப்படும் பண்டைய கெல்டியப் பூசாரியின் தலை. விளிம்பில், லண்டன், லிவர்பூல், ஆங்கிள்சி ஆகிய இடங்களில் கேட்டவுடன் பணம் தரப்படும் என்ற உறுதிமொழி. கள்ளக் காசு அடிப்பவன் இப்படி முகவரி பொறித்துப் பொறுப்பேற்க மாட்டான். அதே ஆண்டு இரும்பாலை அதிபர் ஜான் வில்கின்சன், தன் டோக்கனில் மன்னரின் முகம் இருக்கவேண்டிய இடத்தில் தன் முகத்தையே பதித்தது எவ்வளவு பெரிய துணிச்சல்!

சேகரிப்போர் முதலில் பார்க்க வேண்டியது, பணம் தரும் உறுதிமொழி உள்ளதா என்று விளிம்பைத்தான். 1790-களிலேயே சேகரிக்கும் மோகம் பரவியதால், ஒன்றுக்கொன்று பொருந்தாத முன்பக்க, பின்பக்க அச்சுகளை இணைத்து, எங்கும் பணமாக மாற்ற இயலாத டோக்கன்களைச் சிலர் விற்பனைக்கென்றே அடித்தனர். அவற்றை உண்மையில் புழங்கியவற்றோடு ஒன்றாக மதிப்பது சரியன்று. பழுப்பேறிய செம்பைப் புளியிட்டுத் துலக்கினால் அதன் மதிப்பு பெரிதும் குறைந்துவிடும் என்பதையும் கட்டுரையில் சேர்க்க வேண்டுகிறேன்.