கோயில்தான் அண்ணே, கோயிலேதான்

நம்ம கத்தோலிக்கப் பங்கு வாட்ஸ்அப் குழுவில் வந்த அந்தப் படத்தைப் பார்த்திருப்பீர்கள். பெங்களூரு சிவாஜிநகர் மாதா கோயிலில் காவிப் புடவை கட்டிய ஒரு அக்கா முழந்தாளாலேயே பீடத்தை நோக்கிப் போகிறார். முகத்தைக்கூட மறைக்காமல் போட்டிருக்கிறார் நம் அண்ணன். கீழே ஒரு வரி: "இது சர்ச்சா, கோயிலா?" அதற்குப் பதினேழு சிரிப்பு. ஆமாம், எண்ணினேன்.

மூன்று நாள் பேசாமல்தான் இருந்தேன்.

முதலில் கேட்டதற்குப் பதில். கோயில்தான் அண்ணே. எங்கள் பாட்டி சாகிறவரை சர்ச் என்று ஒரு தடவை சொன்னதில்லை. கோயிலுக்குப் போறேன், பூசைக்கு நேரமாச்சு, சாமியாரைப் பார்க்கணும், இதுதான் எங்கள் வீட்டுத் தமிழ். உங்கள் வீட்டிலும் இதே தமிழ்தான் இருந்திருக்கும். இங்கிலீஷ் பூசைக்கு மாறியதில் மறந்து போயிருக்கும், பரவாயில்லை.

அப்புறம் காவி. இந்தக் காலத்தில் அந்த நிறத்தைப் பார்த்தால் அரசியல்தான் ஞாபகம் வரும், புரிகிறது. ஆனால் 1606இல் மதுரைக்கு வந்த சேசு சபைக் குரு தெ நொபிலி காவிதான் கட்டினார். அவர் கோலத்தைப் பற்றியும் ரோமுக்குப் புகார் போனது, போட்டுக் கொடுத்தவர்களும் உள்ளே இருந்தவர்கள்தான். பூணூல், குடுமி, சந்தனம் எல்லாம் விசாரித்து, 1623இல் பாப்பரசர் பதினைந்தாம் கிரகோரி அனுமதி கொடுத்தார். 1693இல் ஓரியூரில் தலை வெட்டுப்பட்ட குரு அருளானந்தரும் (ஜான் தெ பிரிட்டோ) காவி கட்டியவர். 1947இல் அவருக்குப் புனிதர் பட்டமும் கொடுத்தாயிற்று. அவர் படத்தையும் குழுவில் போட்டுச் சிரிக்கலாமே! சிவாஜிநகரில் மாதாவுக்கே புடவைதான் சாத்துகிறார்கள், அதை என்ன செய்யலாம்?

எனக்கு ஒன்பது வயதில் டைபாய்டு வந்தது. பிழைப்பேனா என்று சந்தேகமாம். அம்மா அப்போது கார்மென்ட்ஸில் வேலை. நான் எழுந்து உட்கார்ந்த வருஷம் கொடியேற்றத்திலிருந்து ஒன்பது நாளும் நேர்ச்சையாகக் காவி கட்டி, மாதா திருவிழாவான செப்டம்பர் 8 அன்று முழந்தாளால் நடந்தாள். ராத்திரி வீட்டுக்கு வந்து புடவையை முட்டிக்கு மேல் ஏற்றித் தேங்காய் எண்ணெய் தடவினாள். இரண்டு முட்டியும் தோலுரிந்து, புடவை நூல் அதில் ஒட்டியிருந்தது. கரண்ட் இல்லை. அப்பா ஒரு வார்த்தை பேசாமல் மெழுகுவர்த்தியைக் கிட்டே கொண்டுவந்து பிடித்துக்கொண்டு நின்றார்.

அதே அம்மாவிடம் பத்தாவது படிக்கும்போது நான் சொன்னேன்: "ஸ்கூல் மீட்டிங்குக்கு அந்தப் புடவையில வராத." வேறு புடவையில் வந்தாள். சாயங்காலம் திரும்பவும் காவியைக் கட்டிக்கொண்டு கோயிலுக்குப் போனாள். அன்று வாட்ஸ்அப் இருந்திருந்தால் நானும் சிரித்திருப்பேனோ என்னவோ.

"பக்தி வேண்டாம் என்று யார் சொன்னது, மூடநம்பிக்கைதான் வேண்டாம்" என்று வருவீர்கள். தெரியும். ரோமைவிட நீங்கள் கறாரா? எளிய மக்களின் பக்தியை மதிக்கச் சொல்லி பாப்பரசர் ஆறாம் பவுல் 1975லேயே எழுதிவிட்டார். 2024 ஆகஸ்டில் வத்திக்கானிலிருந்து தஞ்சை ஆயருக்கு வேளாங்கண்ணியைப் பற்றி ஒரு கடிதம் வந்தது. பிற சமயத்தார் அங்கே வந்து வேண்டுவதையே மதக் கலப்பு என்று பார்க்க வேண்டாம் என்றார்கள். பிற சமயத்தாருக்கே அப்படி என்றால், ஞானஸ்நானம் வாங்கிய இந்த அக்கா என்ன பாவம் செய்தார்?

கடவுளிடம் பேரம் பேசுகிறார்கள் என்பீர்கள். சிலர் பேசுகிறார்கள்தான். எங்கள் சித்தி ஒரு சைட் (வீட்டு மனை) விற்க வேண்டி வெள்ளியில் வீடு செய்து வைத்தாள். அதை விடுங்கள்.

"அந்தக் காசை ஏழைகளுக்குக் கொடுக்கலாமே." நடந்து வந்த அக்கா யார் என்று நினைக்கிறீர்கள்? அது போகட்டும், உங்கள் பையன் முதல் தடவை நற்கருணை வாங்கிய புதுநன்மைக்கு ஹால் எடுத்து மூன்று அடுக்கு கேக் வெட்டினீர்களே, அதில் எத்தனை ஏழைகள் இருந்தார்கள்? நான் இருந்தேன். கேக் நன்றாக இருந்தது.

எனக்கென்னவோ உங்கள் பிரச்சினை காவியும் இல்லை, முழந்தாளும் இல்லை என்று தோன்றுகிறது. நம் பங்கில் தமிழ்ப் பூசை காலை ஐந்தே முக்காலுக்கு. வீட்டு வேலைக்கும் ஹவுஸ்கீப்பிங்குக்கும் ஓட வேண்டியவர்களுக்கு அதுதான் தோது. அவர்கள் போய் வெகுநேரம் கழித்துத்தான் உங்கள் கார்கள் உள்ளே வரும். ஒரே பங்கு, ஒரே நற்கருணை, ஒருத்தர் முகம் ஒருத்தருக்குத் தெரியாது. இந்த ஊரில் வாயைத் திறந்தால் "தமிழா?" என்று வெளியாள் கேட்கிறான். அதுகூடப் பழகிவிட்டது. "இந்த மாதிரித் தமிழா?" என்று நம்மவர்களே கேட்பதுதான் தாங்கவில்லை. பதினேழு பேரில் எங்கள் அன்பியத்துக்காரர்களே, அதாவது எங்கள் தெருப் பக்கத்து செபக் குழுக்காரர்களே, நாலு பேர். போன மாதம் என் வீட்டில் செபமாலை சொல்லிவிட்டு சுண்டல் சாப்பிட்டுப் போனவர்கள்.

படத்தை எடுத்துவிடச் சொல்லி அட்மினுக்கு எழுதினேன். கட்டைவிரல் அனுப்பினார். படம் அப்படியே இருக்கிறது.

திருவிழாவுக்கு முந்தைய ஒன்பது நாள் நவநாளில் இன்னும் நாலு நாள் பாக்கி. அம்மாவால் இப்போது மாடிப்படியே ஏற முடியாது. பீரோவைத் திறந்து அந்தப் புடவையை எடுத்தேன். "தினமும் இதையே துவைச்சுக் கட்டணுமா?" என்று கேட்டேன். எதற்கு என்று அம்மா கேட்கவில்லை.

"ரெண்டு வெச்சுக்கோ. மழையா இருக்கு, காயாது."