தகெதோமியை விட்டுவிட்டீர்களே!

ஜப்பானின் தெற்கிலுள்ள ஒகினாவா தீவுகளைப் பற்றிய உங்கள் பயணக் கட்டுரை நன்றாக இருந்தது, ஆனால் தலைநகர் நாஹாவோடு நின்றுவிட்டது. தென்மேற்கே சுமார் 400 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் யாயேயாமா தீவுகளைப் பார்க்காவிட்டால் எப்படி? அவற்றில் ஒன்றான இஷிகாகி தீவிலிருந்து படகில் கால்மணி நேரம்தான் தகெதோமி தீவு. சிவப்பு ஓட்டு வீடுகள், கூரைமேல் காவலுக்கு வைத்த ஷீசா எனும் சிங்கச் சிலைகள், பவளக்கல் மதில்கள், வெள்ளை மணல் தெரு. எருமை வண்டியில் ஏறினால் வண்டிக்காரரே சன்ஷின் என்ற மூன்று நரம்பு இசைக்கருவியை மீட்டிப் பாடுவார். எருமை தன் பாட்டுக்குத் திருப்பங்களில் திரும்பும்! அங்கே கிடைக்கும் 'நட்சத்திர மணல்' மணலே இல்லை, நுண்ணுயிர்களின் ஓடு. அப்புறம், இஷிகாகியின் கபிரா விரிகுடாவில் நீந்தத் தடை. கண்ணாடி அடித்தளப் படகில்தான் பவளம் பார்க்கலாம். 2016-ல் கடல் சூடேறி இப்பகுதிப் பவளங்கள் பெருமளவில் வெளுத்துப்போயின என்பதையும் தெரிந்துகொண்டு போங்கள். ஜூலை முதல் செப்டம்பர் வரை புயல் காலம், படகு நின்றால் நின்றதுதான்.