அடுப்பு மூட்டாமல் கொடுத்தாலும் அது காலைச் சாப்பாடுதான்

போன வாரம் பக்கத்து வீட்டு அக்கா என் மாமியிடம் கேட்டிருக்கிறார்: "உங்க மருமவ பிள்ளையளுக்குக் காலத்தே பச்சையாவா திங்கக் குடுக்கா?" மாமி அதை அப்படியே வந்து என்னிடம் சொன்னார். குத்திக்காட்டிச் சொல்லவில்லை, அவருக்கும் மனசுக்குள் அதே கவலை உண்டு. அந்த நேரத்தில் எனக்குப் பதில் சொல்ல வரவில்லை. மறுநாள் ரயிலில் பாறசாலை தாண்டும் வரைக்கும் அதே யோசனைதான். இந்தக் கேள்வியை வாங்கிக்கொண்டு பேசாமல் இருக்கும் அம்மாக்கள் எங்கள் பெட்டியிலேயே நாலைந்து பேர் இருக்கிறார்கள். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

விஷயம் இதுதான். வாரத்தில் மூன்று நாள் என் பிள்ளைகளுக்குக் காலையில் கொடுப்பது ஓட்ஸும் பழமும் சேர்த்துப் பிசைந்து கையால் தட்டிய உருண்டை. அடுப்பில் ஏற்றுவதே இல்லை. பெரியவனுக்கு ஐந்து நடக்கிறது, சின்னவளுக்கு இரண்டரை. குழித்துறை ஸ்டேஷனில் நான் பிடிக்க வேண்டிய திருவனந்தபுரம் வண்டிக்காக வீட்டை விட்டு ஆறே முக்காலுக்கு இறங்கியாக வேண்டும். பெரியவனை எல்.கே.ஜி.யில் சேர்த்த முதல் வருஷம், அவனும் என்னோடுதான் ஆட்டோவில் கிளம்புவான்.

எங்கள் கன்னியாகுமரிப் பக்கம் காலைச் சாப்பாடு என்றால் புட்டும் பயறும் பழமும். அப்புறம் ஆப்பம், இடியாப்பம், தோசை. இதில் ஒன்றைக்கூட நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஞாயிற்றுக்கிழமை மாமி அவிக்கும் புட்டுக்கு ஈடாக எதையும் வைக்க எனக்கு மனசு வராது. ஆனால் வேலை நாளில், விடிந்தும் விடியாத நேரத்தில், எத்தனை வீட்டில் நாலு வயதுப் பிள்ளை உட்கார்ந்து புட்டு சாப்பிடுகிறது? நான் கண்ணால் பார்ப்பது வேறு. அரை டம்ளர் சாயா, அதில் முக்கி எடுத்த இரண்டு ரஸ்க். பல வீட்டில் பிள்ளை வேனில் ஏறுவது அதோடுதான். அதைப் பார்த்து யாரும் எதுவும் கேட்பதில்லை. அடுப்பு எரிந்திருக்கிறது, டம்ளரில் ஆவி பறக்கிறது, அதனால் பிள்ளை சாப்பிட்டுவிட்டது என்று எல்லோருக்கும் நிம்மதி. நான் மட்டி வாழைப்பழமும் ஓட்ஸும் அண்டிப்பருப்பும் (முந்திரிப்பருப்பு) சேர்த்துக் கொடுத்தால், சூடு இல்லாததால் அது பட்டினிக் கணக்கில் போகிறது. இது நியாயமே இல்லை.

சாயாவில் இருக்கும் டானின் சாப்பாட்டிலுள்ள இரும்புச் சத்தை உடம்பு எடுத்துக்கொள்வதைக் குறைக்கும். வளரும் பிள்ளைக்கு அது வேண்டவே வேண்டாம். சாயா வேண்டாம் என்று நினைக்கிறவர்கள் மால்ட் பொடியைப் பாலில் கலக்கிக் கொடுக்கிறார்கள். அந்த மாதிரி பானங்களை 'ஹெல்த் டிரிங்க்' என்ற பிரிவில் வைத்து விற்க வேண்டாம் என்று 2024 ஏப்ரலில் மத்திய வர்த்தக அமைச்சகமே இணைய விற்பனைத் தளங்களுக்குச் சொன்னது. உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அப்படி ஒரு வகையே கிடையாது. பொடி டப்பாவின் பின்பக்கத்தில் சர்க்கரை எவ்வளவு என்று ஒரு தடவை வாசித்துப் பாருங்கள், போதும்.

இனி 'பச்சை' என்ற வார்த்தைக்கு வருகிறேன். கடையில் நாம் வாங்கும் தட்டை ஓட்ஸ் பச்சைத் தானியம் கிடையாது. உமி நீக்கிய மணியை ஆவியில் வேகவைத்து, உருளையில் கொடுத்துத் தட்டையாக்கி, உலர்த்தித்தான் பாக்கெட்டில் போடுகிறார்கள். ஈரம் பட்டால் போதும், தானாக இளகும். மாமிக்கு இதை விளக்க நான் அவலைத்தான் எடுத்தேன். நெல்லை ஊறவைத்து, வறுத்து, இடித்துத் தட்டையாக்கினால் அவல். அதைத் தேங்காய்ப்பூவும் பழமும் போட்டு நனைத்துப் பிசைந்து சாப்பிடுவதற்கு நம் வீட்டில் யார் அடுப்பு மூட்டினார்கள்? சாயங்காலம் விருந்தாளி வந்தால் அவல் நனைத்து வைக்கிற ஊர் இது. களியக்காவிளை எல்லைக்கு அந்தப் பக்கம் கேரளாவிலும் அதே பழக்கம்தான். என் உருண்டை அந்த அவலுக்குத் தங்கச்சி முறை. (எடுக்கும்போது ஒன்றைப் பார்த்துக்கொள்ளுங்கள்: 'ஸ்டீல் கட்' என்று போட்டிருக்கும் நொறுக்கிய ஓட்ஸ் இதற்கு ஆகாது, அது வேகத்தான் வேண்டும். பழ வாசனை சேர்த்து வரும் சின்னப் பாக்கெட்டுகளில் சர்க்கரை கலந்திருக்கும்.)

சரி, செய்கிற விதம். முந்தின நாள் ராத்திரி ஒன்பது மணிக்கு ஆரம்பித்தால் அரை மணியில் முடியும், அதிலும் பாதிக்கு மேல் சும்மா ஊறுகிற நேரம். ஒரு கப் ஓட்ஸ் எடுத்து அதில் பாதியை மிக்ஸியில் ஒரு சுற்று விட்டுக்கொள்வேன். சின்னவளுக்கு முழு ஓட்ஸ் தொண்டையில் ஒட்டுகிறது. ஐந்தாறு பேரீச்சம்பழத்தைக் கொட்டை எடுத்து, சாயங்காலமே வெந்நீர்கூட வேண்டாம், பச்சைத் தண்ணீரில் போட்டு வைத்தால் ராத்திரிக்கு விரலால் மசிந்துவிடும். கொட்டை எடுத்ததை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்க்க வேண்டும், 'கொட்டை நீக்கியது' என்று எழுதிய பாக்கெட்டிலும் எனக்கு ஒரு கொட்டை கிடைத்தது. அப்புறம் நல்லாப் பழுத்த மட்டிப் பழம் ஐந்து. இரண்டு ஸ்பூன் அண்டிப்பருப்புப் பொடி, இரண்டு ஸ்பூன் தேங்காய்ப்பூ, ஒரு சிட்டிகை ஏலக்காய். எல்லாவற்றையும் ஒன்றாகப் பிசைந்து இருபது நிமிஷம் மூடி வைத்தால், ஓட்ஸ் பழத்தின் ஈரத்தையெல்லாம் குடித்து மாவு இறுகிவிடும். அவசரப்பட்டு உடனே மேலும் ஓட்ஸ் போடாதீர்கள். போட்டால் காலையில் கல்லு மாதிரி இருக்கும். எவர்சில்வர் டப்பாவில் அடுக்கி ஃபிரிட்ஜில் வைத்தால் இரண்டு நாள். அதற்கு மேல் வைக்க மாட்டேன், பச்சைத் தேங்காய் இருக்கிறது. காலையில் மேலாகக் கொஞ்சம் கறுத்திருக்கும். வாழைப்பழம் காற்றுப் பட்டால் கறுப்பது இயல்பு, கெட்டுப்போனதாக அர்த்தம் இல்லை. நாலு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டால் அதுவும் குறையும்.

பழத்தில்தான் எல்லாமே இருக்கிறது. மட்டிக்கு 2023-ல் கன்னியாகுமரி மாவட்டத்தின் பெயரில் புவிசார் குறியீடு கிடைத்தது. அதற்கு முன்னாலேயே நம் வீட்டுப் பிள்ளைகள் முதலில் ருசி பார்த்த பழம் அதுதான். விரல் நீளம்தான் இருக்கும், ஆனால் மாவுத்தன்மையும் இனிப்பும் அளவாகச் சேர்ந்து நிற்கும். அதனால் உருண்டை பிடிக்க வேறு எதுவும் தேவைப்படாது. பாளையங்கோட்டான் போட்டால் தண்ணீர் விடும், லேசாகப் புளிக்கும். ஏத்தன், அதாவது நேந்திரம் பழம், போடுவதென்றால் தோல் நன்றாகக் கறுத்தபிறகு போடுங்கள். இல்லாவிட்டால் மாவு மாவாக நிற்கும், பிள்ளை துப்பும். செந்துளுவன் (செவ்வாழை) நிறத்துக்காகவே பெரியவனுக்குப் பிடிக்கும். ரப்பர்க் கன்றுகளுக்கு நடுவே ஊடுபயிராகப் போடும் கைதச்சக்கையை, அதாவது அன்னாசியை, பொடியாக நறுக்கிப் பிழிந்துவிட்டுச் சேர்க்கலாம். அதில் இருக்கும் வைட்டமின் சி ஓட்ஸில் உள்ள இரும்புச் சத்தை உடம்பில் சேர்க்க உதவும். இவ்வளவும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போது, வீடியோ பார்த்துவிட்டு உலர்ந்த கிரான்பெர்ரி தேடி டவுனுக்கு அலைகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. கிரான்பெர்ரி புளிப்பு என்பதால் பெரும்பாலும் சர்க்கரை சேர்த்துத்தான் உலர்த்துகிறார்கள்.

இந்த வகைச் சாப்பாட்டை உலகத்துக்குத் தெரியவைத்தவர் என்று சொல்லப்படுகிற சுவிட்சர்லாந்து மருத்துவர் பிர்ச்சர்-பென்னரும் 1900-ஐ ஒட்டிய வருஷங்களில் தன் நோயாளிகளுக்குக் கொடுத்ததில் ஓட்ஸ் ஒரு கரண்டிதான். மீதியில் பெரும்பங்கு துருவிய ஆப்பிள். அங்கே ஆப்பிள் விளைந்தது, அதைப் போட்டார். இங்கே மட்டி விளைகிறது.

இனி எழுதப்போவதை மட்டும் தயவுசெய்து தாண்டிப் போகாதீர்கள்.

ஆரம்பத்தில் நான் நிஜமாகவே உருண்டையாகத்தான் பிடித்தேன், நெல்லிக்காய் அளவுக்கு. பெரியவனுக்கு அப்போது மூன்றரை. நேரமாகிவிட்டது என்று ஒன்றைக் கையில் கொடுத்து ஆட்டோவில் ஏற்றினேன். ஒரு வேகத்தடையில் வண்டி தூக்கிப் போட்டது. திரும்பிப் பார்க்கிறேன், பிள்ளை வாயைத் திறந்தபடி கண் விரியப் பார்க்கிறான். முழுசாக வாய்க்குள் போட்டிருக்கிறான். நான் விரலை உள்ளே விடப் போனேன். கூட வந்த ஒரு நர்ஸ் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். "கைய விடாதீங்க, உள்ள தள்ளிரும். இருமுறான், இருமட்டும்." அவனை முன்னால் சாய்த்துப் பிடித்தார். மூன்றாவது இருமலில் வெளியே வந்து விழுந்தது. அன்றைக்கு நான் வேலைக்குப் போகவில்லை.

அதற்கப்புறம் அந்த அக்காவிடம் உட்கார்ந்து கேட்டுக் கற்றுக்கொண்டேன். பிள்ளைக்கு இருமல் வந்தால் இருமவிட வேண்டும். சத்தமே வராமல் திணறினால், ஒரு வயது தாண்டிய பிள்ளையை முன்னால் குனியவைத்து, தோள்பட்டைகளுக்கு நடுவே முதுகில் உள்ளங்கை அடியால் ஐந்து தட்டு. போகாவிட்டால் பின்னால் நின்று தொப்புளுக்கு மேலே கை வைத்து உள்நோக்கி மேலாக ஐந்து அழுத்து. ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு முறையே வேறு, வயிற்றில் அழுத்தவே கூடாது. இதையெல்லாம் வாசித்து மட்டும் வைக்காதீர்கள். பக்கத்து ஆஸ்பத்திரியில் யாரிடமாவது ஒருமுறை நேரில் செய்து காட்டச் சொல்லிப் பாருங்கள்.

அன்றிலிருந்து என் வீட்டில் உருண்டை என்பது பெயரில்தான். பரிப்பு வடை மாதிரி தட்டையாக, விரல் கனத்துக்கும் குறைவாகத் தட்டுகிறேன். கடித்துத்தான் தின்ன முடியும். முழுப் பருப்போ முழு முந்திரிங்காயோ (திராட்சை) ஐந்து வயது வரைக்கும் கிடையாது, பருப்பென்றால் நைசான பொடி மட்டும். தரையில் உட்கார்ந்துதான் சாப்பிட வேண்டும். வண்டியிலும் ஓடும்போதும் படுத்துக்கொண்டும் கிடையாது. அதற்காகவே எல்லோரும் பத்து நிமிஷம் முந்தி எழுந்திரிக்கிறோம். அண்டிப்பருப்பு முதல்முறை கொடுக்கிறவர்கள் தனியாக, துளியாகக் கொடுத்துப் பாருங்கள். சில பிள்ளைகளுக்கு அது ஒவ்வாது.

அடுத்து தேன். மார்த்தாண்டத்துக்காரர்களுக்கு நான் தேனைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. தை, மாசியில் ரப்பர் தளிர்க்கும்போது அந்தத் தளிர் இலைக் காம்பில் சுரக்கும் இனிப்பை எடுத்துத்தான் நம் ஊர்த் தேனீக்கள் பெட்டியை நிறைக்கின்றன. எங்கள் அப்பாவும் நாலு பெட்டி வைத்திருந்தார், எனக்கு அந்தத் தேன் மேல் பெரிய மரியாதை உண்டு. ஆனாலும் ஒரு வயது முடியாத குழந்தையின் நாக்கில் தேன் படக் கூடாது. தேனில் சில சமயம் குளோஸ்ட்ரிடியம் என்ற கிருமியின் விதைத்துகள் இருக்கும். நமக்கு அது ஒன்றும் செய்யாது. அந்த வயதுக் குழந்தையின் குடலில் மட்டும் அது முளைத்து நஞ்சை உண்டாக்கும், தசைகள் தளர்ந்து மூச்சுவிடவே கஷ்டமாகும். சுத்தமான தேன், வீட்டுத் தேன், சுடவைத்த தேன் என்ற பேச்சு இதில் எடுபடாது. வீட்டு அடுப்பின் சூட்டுக்கு அந்த விதை சாகாது. பிறந்த குழந்தைக்குத் தேன் தொட்டுவைக்கும் வழக்கத்தை அன்போடு செய்கிற பாட்டிமார்களிடம், அதே அன்போடு இதைச் சொல்லுங்கள். என் மாமியிடம் நான் சொன்னேன், சின்னவளுக்கு அவர் தேன் வைக்கவில்லை. அதற்கு அவருக்கு நான் என்றைக்கும் கடமைப்பட்டவள்.

கருப்பட்டி போட்டால் என்ன என்றும் மாமி கேட்டார். உலக சுகாதார நிறுவனம் 2023-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில், 6 முதல் 23 மாதக் குழந்தைகளுக்குச் சர்க்கரை மிகுந்த உணவே வேண்டாம் என்று சொல்லியிருக்கிறது. என் பிள்ளைகள் அந்த வயதைத் தாண்டிவிட்டார்கள்தான். ஆனால் ஐந்து மட்டியும் ஆறு பேரீச்சம்பழமும் போட்ட இடத்தில் இன்னும் இனிப்பு எதற்கு? பழத்தின் இனிப்பு போதும் என்று நாக்கு பழகுகிற வயது இதுதான்.

இரண்டு துண்டு மட்டும் கொடுத்து அனுப்பிவிட்டால் போதுமா என்றால், போதாது. புரதம் இதில் குறைவு. நான் கூடவே அரை டம்ளர் பாலோ, முந்தின ராத்திரி அவித்துவைத்த முட்டையோ கொடுக்கிறேன். ஓட்ஸ் நம் மண்ணுக்குச் சொந்தமான தானியம் இல்லை என்பதும் உண்மை. நம் நாட்டில் வடக்கே அதை மாட்டுத் தீவனத்துக்குத்தான் அதிகம் பயிரிடுகிறார்கள். ஓட்ஸ் தீர்ந்த வாரம் சிவப்பு அவலில் இதையே செய்கிறேன். ருசி அதில்தான் அதிகம். ஆனால் ராத்திரி செய்து ஃபிரிட்ஜில் வைத்தால் அவல் விறைத்துப் போகிறது, அப்போதைக்கப்போது பிசைந்தால்தான் சரி.

இதை எழுதும்போது சின்னவள் பக்கத்தில் உட்கார்ந்து நாளைக்கானதைத் தட்டிக்கொண்டிருக்கிறாள். உள்ளங்கையில் வைத்து, மறு கையால் அமுக்கி, தூக்கி ஓட்டை விழுந்திருக்கிறதா என்று லைட்டில் பார்க்கிறாள். தான் தட்டியதை அவள் மிச்சம் வைத்ததே இல்லை. அடுப்பு இல்லாததால்தான் இரண்டரை வயதுப் பிள்ளையை இந்த வேலையில் சேர்க்க முடிகிறது. மாமி தூரத்தில் இருந்து பார்க்கிறார். இன்னமும் அவருக்கு முழு சம்மதம் இல்லை, குளிர்ந்ததைத் தின்றால் சளி பிடிக்கும் என்கிறார். அதற்காக டப்பாவை நான் எழுந்ததும் வெளியே எடுத்துவைத்துவிடுகிறேன்.

ஒரு உதவி வேண்டும். சக்கைக் காலத்தில், அதாவது பலாப்பழக் காலத்தில், இரண்டு தடவை பழச் சக்கை போட்டுச் செய்து பார்த்தேன். சுளை கெட்டியாக இருக்கும் வருக்கையைப் பொடியாக நறுக்கினாலும் துண்டு வழுக்கிக்கொண்டே இருந்தது, சின்னவளுக்குக் கொடுக்கப் பயமாக இருந்தது. சுளை குழைவாக இருக்கும் கூழனை மசித்துப் போட்டேன், எவ்வளவு ஓட்ஸ் சேர்த்தும் காலையில் இளகிப் போயிருந்தது. அடுப்பில் வரட்டாமல் சக்கையில் இதை யாராவது சரியாகச் செய்திருந்தால் அளவோடு எழுதுங்கள்.