அந்தப் பேச்சாளருக்கு யோபு தெரியுமா?

சனிக்கிழமை எங்கள் பங்குக் கோவிலின் இளையோர் தியானத்தில் நடந்தது காரைக்குடியில் எல்லோருக்கும் தெரியும், வீடியோவும் சுற்றுகிறது. தலைப்பு என்னவோ பாலியல் சோதனையை வெல்வது. பேச்சில் பாதிக்கு மேல் ஷால், லெக்கின்ஸ், கழுத்து இறக்கம். பள்ளிப் பிள்ளை ஒருத்தியை எழுப்பி நிறுத்தி, ஷாலை மாற்று என்றார் பேச்சாளர். பெண் பிள்ளைகள் தலை குனிந்திருக்க, பையன்கள் சிரித்துக்கொண்டிருந்தார்கள். சிரிக்காமல் என்ன செய்வார்கள்? அவர்களுக்கென்று ஒரு வார்த்தைகூடச் சொல்லப்படவில்லையே.

விவிலியத்தில் பேச விஷயமா இல்லை? நீதிமொழிகள் 5, 6, 7 மூன்று அதிகாரங்களும் தகப்பன் மகனுக்குச் சொல்லும் புத்தி. மடியில் நெருப்பை வைத்தால் ஆடை வேகாதா என்று கேட்பது மகனிடம். மயக்குகிறவளின் வாசல் பக்கமே போகாதே என்பதும் மகனிடம். நீதிமான் யோபு, கன்னிப் பெண்ணை நோக்க மாட்டேன் என்று உடன்படிக்கை செய்துகொண்டது தன் கண்களோடு. ஊர்ப் பெண்களின் தையல்காரரோடு அல்ல. உன்னை இடறச் செய்யும் கண்ணைப் பிடுங்கி எறி என்றார் இயேசு. யாருடைய கண்? பார்க்கிறவனுடைய கண்.

தாவீது? அரசர்கள் போருக்குப் போகும் காலத்தில் படையை அனுப்பிவிட்டு எருசலேமில் தங்கியவர். மாலையில் எழுந்து மாடியில் உலாவும்போது பத்சேபா குளிப்பதைப் பார்த்தார். இன்னொருவன் மனைவி என்று தெரிந்தும் ஆள் அனுப்பினார். அவள் கணவன் உரியாவின் கொலையில் போய் முடிந்தது. இறைவாக்கினர் நாத்தான் வந்து, “நீயே அந்த மனிதன்” என்றது தாவீதிடம். அந்த அம்மா ஏன் அங்கே குளித்தார் என்று அவர் கேட்கவில்லை. அதைக் கேட்க நம் பேச்சாளர் பிறந்து வர வேண்டியிருந்தது.

மாடி என்றதும் அப்பத்தா நினைவு வருகிறது. எங்கள் மாடியிலிருந்து பக்கத்து வீட்டுக் கிணற்றடி தெரியும். கோடையில் கூழ்வற்றல் காயும்போது காக்கை விரட்ட அண்ணன்கள் மேலே இருப்பார்கள். கிணற்றடியில் வாளிச் சத்தம் கேட்டால் போதும், அப்பத்தா கீழிருந்தே குரல் கொடுப்பார்: “டேய், மேற்கே பார்த்து உட்காருங்கள்!” வெயில் முகத்தில் அடிக்கிறது என்று பெரிய அண்ணன் முணுமுணுத்தால், “துண்டால் மூடிக்கொள்” என்பார். மூட வேண்டியது அவன் முகம்தான். அந்தப் பெண்களிடம் அவர் ஒரு நாளும் ஒன்றும் சொன்னதில்லை. எழுதப் படிக்கத் தெரியாதவர்.

“பெண்கள் அடக்கமாக உடுத்த வேண்டும் என்று பவுல் திமொத்தேயுவுக்கு எழுதிய கடிதத்தில் இருக்கிறதே” என்பீர்கள். இருக்கிறது. கூடவே பொன், முத்து, விலையுயர்ந்த ஆடை வேண்டாம் என்றும் இருக்கிறது. அதை நம் ஊர்க் கல்யாண வீட்டு வாசலில் நின்று வாசியுங்களேன், பார்ப்போம்.

“யோசேப்பை அவர் எஜமான் போத்திபாரின் மனைவி சோதிக்கவில்லையா?” சோதித்தாள். யார் இல்லை என்றது? யோசேப்பு மேலாடையை அவள் கையிலேயே விட்டுவிட்டு ஓடினார், செய்யாத குற்றத்துக்குச் சிறைக்கும் போனார். ஓடியவர் அவர். கொரிந்தியருக்குப் பவுல் சொன்னதும் விலகி ஓடுங்கள் என்றுதான். நின்று அவளுக்கு உடை வகுப்பு எடுக்கச் சொல்லவில்லை.

“பெண்ணியம் பேசுகிறாய்.” சரி, அப்படியே வைத்துக்கொள்ளுங்கள்.

ஓரியூருக்குப் பஸ் பிடித்துப் போகிறோமே, புனித அருளானந்தர் (ஜான் டி பிரிட்டோ) 1693இல் அங்கே எதற்காக வெட்டுண்டார்? திருமுழுக்குக் கேட்ட மறவர் தலைவர் தடியத்தேவரிடம், ஒரு மனைவியோடு வாழ வேண்டும் என்றார். விலக்கப்பட்ட மனைவியரில் ஒருவர் இராமநாதபுரம் மன்னர் சேதுபதியின் உறவுப்பெண்; வினை அங்கிருந்து வந்தது. (அந்தப் பெண்களின் கதி என்ன ஆயிற்று என்று எந்தப் பிரசங்கத்திலும் கேட்டதில்லை. அது தனிப் பதிவு.) அதிகாரத்தில் இருந்த ஆணிடம் உன் வாழ்க்கையை மாற்று என்றவருக்குக் கிடைத்தது வாள். பள்ளிப் பிள்ளையிடம் உன் ஷாலை மாற்று என்றவருக்குக் கிடைத்தது பொன்னாடை.

எழுப்பி நிறுத்தப்பட்டாளே, அவள் என் மறைக்கல்வி வகுப்புப் பிள்ளை. ஞாயிறு பாடகர் குழுவுக்கு வரவில்லை. விவிலியத்தில் சூசன்னா என்ற பெண்மீது பொய்யாக விபசாரப் பழி போட்டவர்களும் மூப்பர்கள்தான். சபை அவர்களைத்தான் நம்பியது. எழுந்து கேட்டவன் தானியேல் என்ற சிறுவன். சனிக்கிழமை அத்தனை பெரியவர்கள் இருந்தும் ஒரு நாற்காலிகூட அசையவில்லை.

பங்கின் மானம் போகிறது, பதிவை நீக்கு என்று காலையிலிருந்து போன். பங்குக்கு மட்டும்தான் மானம் உண்டா? நீக்கப்போவதில்லை. வருகிற ஞாயிறு என் வகுப்பில் நீதிமொழிகள் 5. பையன்கள் முன்வரிசையில் உட்கார வேண்டும். அவர்களுடைய அப்பாக்களும் வரலாம், பின்னால் பெஞ்சு காலியாகத்தான் இருக்கிறது.