சிரிக்க வேண்டியது அவர்களைப் பார்த்தா?

இரண்டு நாளாக அந்த வீடியோ என் டைம்லைனில் சுற்றிக்கொண்டே இருக்கிறது. யார் போட்டது என்று சொல்லப்போவதில்லை, பார்த்தவர்களுக்குத் தெரியும். 2024 சிகாகோ ஜனநாயகக் கட்சி மாநாடு. மாநிலம் மாநிலமாகப் பெயர் வாசிக்கும்போது புவேர்ட்டோ ரிக்கோ பிரதிநிதிகள் மைக் முன்னால் நிற்கிறார்கள். மேலே ஒரு வரி: "ஓட்டே இல்லாதவங்களுக்கு எதுக்குய்யா இந்தக் கூத்து?" கீழே நூற்றுக்கணக்கில் சிரிப்பு. சிரித்தவர்களில் பாதிப் பேர் என் நட்பில் இருப்பவர்கள், அதுதான் வலிக்கிறது.

புவேர்ட்டோ ரிக்கோ அமெரிக்கா ஆளும் கரீபியன் தீவு, மாநிலம் இல்லை. அங்கே குடியிருப்பவர்களுக்கு அதிபர் தேர்தலில் ஓட்டு இல்லை என்பது உண்மை. அதற்காகச் சிரிக்க வேண்டியது அவர்களைப் பார்த்தா?

அவர்கள் வேலி தாண்டி வந்தவர்கள் இல்லை. வேட்பாளரைத் தேர்ந்தெடுப்பது கட்சியின் வேலை, அதற்குத் தீவுகளையும் கட்சிதான் அழைக்கிறது. 2016-ல் ஜனநாயகக் கட்சி பிரைமரியில், அதாவது வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் உட்கட்சித் தேர்தலில், புவேர்ட்டோ ரிக்கோவுக்கு 60 பிரதிநிதிகள். முதல் வாக்கெடுப்பு நடப்பதால் ஊடகமே குடியிருந்த அயோவா மாநிலத்துக்கு 44. அதே வருடம் குடியரசுக் கட்சி அந்தத் தீவுக்கு 23 பேரைக் கொடுத்தது, நியூ ஹாம்ப்ஷயருக்கும் 23. வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும்வரை அவர்கள் கை வேண்டும். நவம்பரில் அதிபர் தேர்தல் வந்ததும் அரசியல் சாசனத்தைக் காட்டி, அதிபரைத் தேர்ந்தெடுக்கும் எலெக்டர்கள் மாநிலங்களுக்கு மட்டும்தான் என்பார்கள். மாநிலமே இல்லாத தலைநகர் வாஷிங்டனுக்கு 1961-ல் சாசனத்தைத் திருத்தி ஓட்டு கொடுக்க முடிந்தது. தீவுகளுக்கு மட்டும் முடியவில்லை.

பத்திரிகை வைத்துக் கூப்பிட்டு, பந்தியில் உட்கார வைத்து, இலை போடுகிற நேரத்தில் "நீங்க மட்டும் எழுந்திரிங்க" என்றால் யாரைக் கேள்வி கேட்போம்? எழுந்து நிற்கிறவரையா?

நான் இருப்பது ஃப்ளோரிடாவில், கிஸ்ஸிமியில். தெருவில் பாதி வீடுகளில் ஸ்பானிஷ்தான். பக்கத்து வீட்டு அம்மாவை என் மகள் 'அபுவேலா' என்றுதான் கூப்பிடுவாள், பாட்டி என்று அர்த்தம். 2017 செப்டம்பரில் புவேர்ட்டோ ரிக்கோவில் மரியா புயல் அடித்து, கரண்ட் இல்லாமல் இரண்டு மாதம் தாக்குப்பிடித்துவிட்டு, ஒரே ஒரு பெட்டியோடு மகன் வீட்டுக்கு வந்தவர். அவருடைய அண்ணன்தான் 2016 ஃபிலடெல்ஃபியா ஜனநாயகக் கட்சி மாநாட்டுக்குப் பிரதிநிதியாகப் போனவர். விமானச் செலவு, ஓட்டல் செலவு எல்லாம் சொந்தக் காசு, இரண்டு வருடச் சேமிப்பு. கழுத்தில் மாட்டிய அந்த அட்டையை இவரிடம் கொடுத்து வைத்திருக்கிறார். சமையலறையில் காலண்டர் மாட்டிய அதே ஆணியில் தொங்குகிறது. நாடா ஓரம் நூல் பிரிந்திருக்கிறது, பெயர் மட்டும் அழியவில்லை. அந்த மனிதர் நவம்பரில் தன் ஊரான புவேர்ட்டோ ரிக்கோவின் பொன்ஸேயில் ஓட்டுப் போடப் போனபோது சீட்டில் ஆளுநர் இருந்தார், மேயர் இருந்தார். அவர் மாநாட்டில் கைதூக்கித் தேர்ந்தெடுத்த வேட்பாளர் இல்லை.

2019-ல் எனக்குக் குடியுரிமை நேர்காணல். படிக்கச் சொன்ன 100 கேள்விகளில் ஒன்று, அமெரிக்காவின் ஆட்சிப்பகுதி ஒன்றின் பெயரைச் சொல் என்பது. அதிகாரி அதையே கேட்டார். நான் "புவேர்ட்டோ ரிக்கோ" என்றேன். பாஸ். திருநெல்வேலியில் பிறந்த நான் அந்தப் பெயரைச் சொல்லி ஓட்டுரிமை வாங்கினேன். அங்கேயே பிறந்து, பிறவியிலேயே குடியுரிமை உள்ள அந்த அம்மா முதல்முறையாக அதிபர் தேர்தலில் ஓட்டுப் போட்டது 2020-ல், 66 வயதில், அதுவும் ஃப்ளோரிடாவுக்கு வந்ததால். சர்ச்சுக்குப் போகிற உடுப்பில் வந்தார். கொடுத்த ஸ்டிக்கரை ஃப்ரிட்ஜில், ராணுவ உடையில் இருக்கும் கணவர் படத்துக்குப் பக்கத்தில் ஒட்டினார். அவர் வியட்நாமில் சண்டை போட்டவர். அங்கே அனுப்பிய அதிபரைத் தேர்ந்தெடுக்கவும் ஓட்டில்லை, திரும்ப அழைத்த அதிபரைத் தேர்ந்தெடுக்கவும் ஓட்டில்லை. அப்படியே போய்ச் சேர்ந்துவிட்டார்.

"ஃபெடரல் வருமான வரி கட்டாதவங்களுக்கு எதுக்கு ஓட்டு?" என்று அந்த வீடியோவுக்குக் கீழே ஒருவர் கேட்டிருக்கிறார். தீவில் சம்பாதிக்கும் பணத்துக்குப் பெரும்பாலும் அந்த வரி இல்லைதான். ஆனால் ஓய்வூதியத்துக்கான சோஷியல் செக்யூரிட்டி, முதியோர் மருத்துவத்துக்கான மெடிகேர் பிடித்தம் அவர்களுக்கும் உண்டு. ஃப்ளோரிடாவில் வருமானம் குறைவாக இருந்து வரியே கட்டாதவர்கள் எத்தனையோ பேர். அவர்கள் ஓட்டை யாராவது பிடுங்குகிறார்களா? இன்னொன்று கேளுங்கள். நான் நாளைக்குச் சென்னைக்கே போய்க் குடியிருந்தாலும் ஃப்ளோரிடா எனக்குத் தபால் ஓட்டு அனுப்பும். புவேர்ட்டோ ரிக்கோ தலைநகர் சான் ஹுவானுக்குக் குடிபோனால் அனுப்பாது. இதற்கு ஒரு நியாயம் சொல்லுங்கள், நான் பதிவை எடுத்துவிடுகிறேன்.

"அவங்களே மாநிலமாக வேண்டாம்னுதானே இருக்காங்க?" 2020 வாக்கெடுப்பில் 52 சதவீதத்துக்கு மேல் மாநில அந்தஸ்து கேட்டார்கள். வாஷிங்டன் காதில் போட்டுக்கொள்ளவில்லை. 2017 வாக்கெடுப்பைப் பெரும்பாலானோர் புறக்கணித்தார்கள், தனி நாடு கேட்பவர்களும் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. அதை அவர்கள் தங்களுக்குள் பேசி முடிக்கட்டும். அதுவரை கேலி செய்யலாம் என்று யார் சொன்னது?

"நம்ம யூனியன் பிரதேசம் மாதிரிதானே" என்கிறார் ஒரு தம்பி. இல்லை தம்பி. 2011 கணக்கில் 65 ஆயிரம் பேர்கூட இல்லாத லட்சத்தீவுக்கு மக்களவையில் ஓட்டுப் போடும் எம்.பி. உண்டு. 30 லட்சத்துக்கு மேல் மக்கள் இருக்கும் புவேர்ட்டோ ரிக்கோவுக்கு அமெரிக்கக் காங்கிரசில் ஒரே ஒரு பிரதிநிதி. அவருக்கும் சபையில் சட்டத்தின் மீது ஓட்டுப் போடும் உரிமை இல்லை.

பசிபிக் கடலில் அமெரிக்கா ஆளும் இன்னொரு தீவுப்பகுதியான அமெரிக்கன் சமோவாவின் 91 ஓட்டையும் கேலிக்கு இழுத்திருக்கிறார்கள். 2024 மார்ச்சில் ஜனநாயகக் கட்சியின் வேட்பாளர் தேர்வுக்கு 91 பேர் வந்து, அப்போது அதிபர் பதவியில் இருந்த பைடனை 51-க்கு 40 என்று தோற்கடித்தார்கள். அந்த மண்ணில் பிறந்தால் குடியுரிமைகூட தானாகக் கிடைக்காது, வெறும் 'நேஷனல்'. அவர்கள் பேச்சைக் கேட்க யாரோ ஒருவர் கூப்பிட்ட ஒரே இடத்துக்கு 91 பேர் வந்திருக்கிறார்கள். எனக்கு அது சின்ன எண்ணாகத் தெரியவில்லை.

அதே 2024 அக்டோபரில் நியூயார்க் பேரணி மேடையில் ஒருவர் இந்தத் தீவைக் குப்பை என்றாரே, அன்றைக்கு இதே நண்பர்கள்தான் கொதித்தீர்கள். வேற்று ஆள் சொன்னால் அவமானம், நாம் சொன்னால் தமாஷா? மரியாவுக்குப் பிறகு மாதக்கணக்கில் அரசு சொன்ன சாவு எண்ணிக்கை 64. ஒரு வருடம் கழித்து ஆய்வு வந்தபிறகு 2,975. ஓட்டு இருந்திருந்தால் அந்தச் சாவுகளை எண்ணுவதற்கு ஒரு வருடம் ஆகியிருக்குமா?

நேற்று சாயங்காலம் அபுவேலா வீட்டில் உட்கார்ந்திருந்தபோது என் போனில் அந்த வீடியோ தானாக ஓடியது. சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தார். தன் ஊர்ப் பெயர் காதில் விழுந்ததும் முகமே மாறிவிட்டது. ஆணியில் தொங்கும் அட்டையைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். பிறகு மேலே இருந்த தமிழ் எழுத்தில் விரல் வைத்து, இதில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார்.

"உங்க ஊர்க்காரங்க வந்திருக்காங்கன்னு எழுதியிருக்கு" என்றேன்.