ஒரு வாய்க்கால் வெட்ட வழியில்லை, இதில் டிரெயில் சென்டராம்!

பிரிட்டனில் மலைச் சைக்கிளைப் பற்றி யார் எங்கே பேசத் தொடங்கினாலும் சற்று நேரத்தில் இந்த ஆலோசனை வந்து விழுந்துவிடுகிறது: "இங்கே ஒரு டிரெயில் சென்டர் கட்டிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும்." பாதையில் சேறா? டிரெயில் சென்டர். கார் நிறுத்த இடமில்லையா? டிரெயில் சென்டர். நடப்பவர்களோடு தகராறா? கேட்கவே வேண்டாம். சர்வரோக நிவாரணி! கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. இதைச் சொல்பவர்களில் பாதிப் பேர் சைக்கிளில் ஏறாதவர்கள். மீதிப் பேர் ஏறியும் யோசிக்காதவர்கள்.

தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. டிரெயில் சென்டர் என்பது பிரிட்டனில் பெரும்பாலும் மரத்துக்காக நட்டு வளர்த்த ஊசியிலைக் காடுகளுக்குள் இருக்கும். சைக்கிளுக்கென்றே கல்லும் சரளையும் இறுக்கிப் போட்ட தடங்கள், கடினத்தைக் காட்ட பச்சை, நீலம், சிவப்பு, கறுப்பு என்று குறிகள், வாசலில் கார் நிறுத்துமிடம், காபிக் கடை, சேறு கழுவ ஒரு குழாய். வேல்ஸின் கோய்ட் அ பிரெனின் காட்டில் 1990களில் போட்ட தடங்கள்தாம் இதற்கெல்லாம் முன்னோடி. எனக்கு இவற்றின்மேல் பகை ஒன்றும் இல்லை. சிவப்புத் தடத்து வளைவில், உயர்த்திக் கட்டிய மண்கரையில் சாய்ந்து திரும்பும்போது எனக்கும் இனிக்கத்தான் செய்கிறது.

ஆனால் அவற்றை எதற்காகக் கட்டினார்கள் என்று யாராவது யோசிக்கிறார்களா? கோய்ட் அ பிரெனினை எடுத்துக்கொள்ளுங்கள். தெற்கு ஸ்காட்லாந்தில் 2000களின் தொடக்கத்தில் வந்த செவன்ஸ்டேன்ஸ் தடங்களை எடுத்துக்கொள்ளுங்கள். சுற்றுலாப் பயணிகள் நிற்காமல் கடந்துபோய்க்கொண்டிருந்த ஊர்களுக்கு அவர்களை வரவழைத்து, அங்கே நாலு காசு புரளட்டும் என்று கட்டியவை. ஆளில்லாத இடத்துக்கு ஆளைக் கூட்டிவரும் ஏற்பாடு அது. அதை வெற்றிகரமாகச் செய்தும் காட்டின. இப்போது அதே காந்தத்தைத் தூக்கிக்கொண்டுபோய், சனிக்கிழமை காலையில் சாலையோரத்தில் ஒரு சக்கரத்தை வைக்கக்கூட இடமில்லாத, இங்கிலாந்தின் தேசியப் பூங்காவான பீக் டிஸ்ட்ரிக்டின் நடுவில் வையுங்கள், கூட்டம் குறைந்துவிடும் என்கிறார்கள். எந்த ஊர்க் கணக்கு ஐயா இது?

சரி, சோதித்துப் பார்க்காத விஷயமா என்றால் அதுவும் இல்லை. இங்கிலாந்தின் ஏரிகள் நிறைந்த மலைப்பகுதியான லேக் டிஸ்ட்ரிக்டில் வின்லேட்டர், கிரைஸ்டேல் என்று இரண்டு இடங்களில் கட்டிய தடங்கள் பல ஆண்டுகளாக இருக்கின்றன. அதனால் அங்கே 'நேன் பீல்ட்' என்ற கணவாய்க்குச் சைக்கிளைச் சுமந்துகொண்டு ஏறுகிறவர்கள் வீட்டில் உட்கார்ந்துவிட்டார்களா? ஏற மாட்டோம் என்று யார் சொன்னார்கள்? கணவாயின் உச்சியில் நின்று, கீழே ஏரி தெரிய, எந்தக் கல்லுக்கு எந்தப் பக்கம் சக்கரத்தை விடுவது என்று நாமே முடிவெடுத்து இறங்குவதற்கும், எல்லாவற்றையும் ஒருவர் முன்கூட்டியே அளந்து வைத்த தடத்தில் போவதற்கும் உள்ள வித்தியாசம் இரண்டையும் செய்தவர்களுக்குத் தெரியும். ஒன்றைக் கொடுத்து மற்றொன்றை மறக்கச் சொல்ல முடியாது.

வேல்ஸின் ஸ்னோடோனியாவைப் பாருங்கள். அந்தக் கோய்ட் அ பிரெனினே அந்தத் தேசியப் பூங்காவுக்குள்தான் இருக்கிறது. இருந்தும் ஸ்னோடன் சிகரத்துக்குச் சைக்கிள்காரர்கள் போவது நிற்கவில்லை. அங்கே நெரிசலைச் சமாளித்தது ஒரு சாதாரண ஒப்பந்தம்: மே 1 முதல் செப்டம்பர் 30 வரை காலை பத்து மணிக்கும் மாலை ஐந்து மணிக்கும் இடையில் சிகரத்துக்குப் போகும் குதிரைப்பாதைகளில் சைக்கிள் ஓட்டுவதில்லை என்று சைக்கிள்காரர்கள் தாங்களாக ஏற்றுக்கொண்டார்கள். விடியற்காலையில் ஏறு, அல்லது மாலையில் ஏறு. சிமெண்டு இல்லை, சரளை இல்லை, காபிக் கடை இல்லை. பேசித் தீர்த்தார்கள், அவ்வளவுதான்.

இந்தச் சென்டர் பேச்சில் எனக்கு உண்மையிலேயே வயிறு எரிவது வேறு இடத்தில். குறுகலான பாதையில் எதிரே ஒருவர் வருகிறார். நான் நிறுத்தி, இறங்கி, ஓரமாகப் புல்லில் நின்று வழிவிடுகிறேன். நன்றி கூட வேண்டாம். "உங்களுக்கென்று தனி இடம் கட்டிக் கொடுத்திருக்கிறார்களே, அங்கே போய் ஓட்டக் கூடாதா?" என்று கேட்டுவிட்டுப் போகிறார். வாய் கூசவில்லை! இங்கிலாந்திலும் வேல்ஸிலும் குதிரைப்பாதைகளில் சைக்கிள் ஓட்டும் உரிமையை 1968ஆம் ஆண்டின் கிராமப்புறச் சட்டம் கொடுத்தது. நடப்பவர்களுக்கும் குதிரையில் வருபவர்களுக்கும் வழிவிட வேண்டும் என்பது நிபந்தனை; அதைத்தான் நான் செய்தேன். கட்டிய இடம் ஒன்று பக்கத்தில் வந்துவிட்டால் இந்த உரிமை மெல்ல மெல்லச் சலுகையாகிவிடும், பிறகு தொல்லையாகிவிடும். அந்தச் சட்டத்திலேயே இன்னொரு வரியும் இருக்கிறது: சைக்கிள்காரர்களுக்கு வசதியாகப் பாதையைச் செய்து தரும் கடமை யாருக்கும் இல்லை. ஓட்டலாம், ஆனால் எதையும் கேட்காதே. அரை நூற்றாண்டு தாண்டியும் அந்த வரியைத் தொட ஆளில்லை. சென்டர் கட்டத்தான் ஆளுக்கொரு யோசனை.

பாதை கெட்டுப்போவதற்கு எங்களை மட்டும் கைகாட்டுவதும் பழகிப்போய்விட்டது. கெடுப்பதில் பெரும்பங்கு தண்ணீருக்கு. சரிவில் நேராக இறங்கும் பாதையில் பூட்ஸும் குளம்பும் சக்கரமும் சேர்ந்து நடுவில் ஒரு பள்ளம் செய்கின்றன. மழைநீர் அந்தப் பள்ளத்தைப் பிடித்துக்கொள்கிறது, மண்ணை அரித்துக்கொண்டு போகிறது, பள்ளம் ஓடையாகிறது. நடுவில் சேறென்று எல்லோரும் ஓரத்தில் போகிறார்கள். ஓரமும் சேறாகிறது. அதற்கும் ஓரத்தில் போகிறார்கள். தண்ணீரைக் குடித்து வைத்திருக்கும் பீட் மண்ணாக இருந்தால் ஒற்றையடிப் பாதை சில குளிர்காலங்களில் வண்டிப்பாதை அகலத்துக்கு வந்துவிடும். இதில் எங்கள் ஆட்களும் உத்தமர்கள் இல்லை. கொட்டும் மழைக்கு மறுநாளே வந்து, பின்சக்கரத்தைப் பூட்டிச் சறுக்கிக்கொண்டே இறங்கி, அதைப் படமும் எடுத்துப் போடுகிற வீரர்களைக் கண்டால் எனக்குக் கை துறுதுறுக்கிறது.

மருந்து எல்லோருக்கும் தெரிந்ததுதான். பாதைக்குக் குறுக்கே சற்றுச் சாய்வாகக் கல் பதித்துத் தண்ணீரைப் பக்கவாட்டில் தள்ளிவிடும் வாய்க்கால். நான் வழக்கமாக இறங்கும் ஒரு தடத்தில் அப்படி ஒன்று இருக்கிறது. யாரோ அருமையாகச் செய்திருக்கிறார்கள்; கற்கள் இன்றும் அசையவில்லை. ஆனால் அதன் வாயில் சரளையும் அழுகிய இலையும் அடைத்து, மேலே புல்லே முளைத்துவிட்டது. தண்ணீர் அதைத் தாண்டிக் குதித்து அடுத்த வளைவையே தின்றுகொண்டிருக்கிறது. ஒரு மண்வெட்டியும் கொஞ்ச நேரமும் போதும். இதற்கு ஆள் அனுப்பப் பணமில்லையாம். சென்டருக்குச் சாத்தியக்கூறு அறிக்கை எழுத மட்டும் பணம் எங்கிருந்தோ வந்துவிடுகிறது.

பழுதுபார்க்கிறோம் என்று வருகிறவர்களும் சில சமயம் வராமலே இருந்திருக்கலாம் என்று தோன்றவைக்கிறார்கள். பீக் டிஸ்ட்ரிக்டின் ரஷப் எட்ஜ் பாதையில் 2014ல் கல்லைக் கொண்டுவந்து கொட்டி, இயற்கையான பாறைப் படிகளை மூடத் தொடங்கினார்கள். சைக்கிள்காரர்கள் மட்டும் கொதிக்கவில்லை. நடப்பவர்களும் குதிரைக்காரர்களும் சேர்ந்து எதிர்த்தார்கள். வேலை பாதியில் நின்றது. மலையை மலையாக விட்டு, தண்ணீரை மட்டும் திருப்பிவிடத் தெரியாதா என்ன? அதே பகுதியின் 'கட் கேட்' பாதையின் சதுப்பைச் சரிசெய்ய 2018ல் நிதி திரட்டியபோதும் இதே மூன்று தரப்பும்தான் தோளோடு தோள் நின்றன. கேட்டால் கொடுக்கிறார்கள், கூப்பிட்டால் வருகிறார்கள்.

கட்டிவிட்டால் கவலை தீர்ந்தது என்று நினைப்பவர்களுக்கு இன்னொன்று. கட்டிய தடத்துக்கு ஆண்டுதோறும் தீனி போட வேண்டும். 2021 நவம்பரில் ஆர்வென் புயல் வடக்கு இங்கிலாந்திலும் ஸ்காட்லாந்திலும் காடு காடாக மரங்களைச் சாய்த்தபோது தடங்கள் மூடிக் கிடந்தன. லார்ச் மரங்களுக்கு நோய் வந்தால் வெட்டு, மூடு. முன்னோடி என்று சொன்னேனே, அந்தக் கோய்ட் அ பிரெனினில் உணவகத்தையும் கடையையும் 2025 மார்ச் இறுதியோடு நடத்துவதை நிறுத்திவிட்டார்கள், செலவு கட்டுப்படியாகவில்லை என்று. தடங்கள் இருக்கின்றன, நல்லவேளை. மூத்த பிள்ளைக்கே சோறு போட முடியாதவர்கள் அடுத்த பிள்ளைக்குப் பெயர் வைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

கட்டவே கூடாதா என்றால், கட்டுங்கள், மக்கள் வீட்டிலிருந்தே ஓட்டி வரக்கூடிய தூரத்தில் கட்டுங்கள். ஷெஃபீல்டு ஓரத்தில் லேடி கானிங்ஸ் தோப்பில் உள்ளூர் சைக்கிள்காரர்களே நிதி திரட்டிச் சின்னதாக ஒரு நீலத் தடம் போட்டார்கள். குழந்தைகள் பழகுகிறார்கள், வேலை முடிந்து வருகிறவர்கள் இருட்டுவதற்குள் ஒரு சுற்றுப் போகிறார்கள். ஊர் விளையாட்டுத் திடல் மாதிரி அது. உயரத்து மலைப்பாதைக்கு மாற்று என்று அதை யாரும் சொல்லவில்லை.

அதனால் சென்டர் வேண்டும் என்று கையெழுத்து கேட்டு அடுத்தமுறை தாளை நீட்டுகிறவர்கள் தயவுசெய்து முதல் பக்கத்தில் இரண்டு கோரிக்கைகளை எழுதிக்கொண்டு வாருங்கள். இருக்கிற பாதைகளின் வாய்க்கால்களை ஆண்டுக்கு இருமுறை தூர்வார ஆள். 1968 சட்டத்தின் அந்த வரிக்கு ஒரு திருத்தம். இரண்டும் இருந்தால் பேனா என்னிடம் இருக்கிறது. இல்லையென்றால் அந்தத் தாளோடு ஒரு மண்வெட்டியையும் எடுத்துக்கொண்டு வாருங்கள். அடைத்துக் கிடக்கும் இடத்தை நான் காட்டுகிறேன்.