புளித்துப்போனதைக் காய்ச்சி வடித்தால் நல்ல சாராயமா?

திருகோணமலைப் பக்கம் வாட்ஸ்அப்பில் ஒரு தகவல் சுற்றுகிறது. வீட்டில் ஊறவைத்த வைனோ, கள்ளோ புளித்துவிட்டால் கொட்டாதீர்களாம். காய்ச்சி வடித்தால் நல்ல சாராயமாம். கரண்டியில் ஊற்றிப் பற்றவைத்து நீலமாக எரிந்தால் தாராளமாகக் குடிக்கலாமாம்.

இரண்டுமே பிழை. பாக்டீரியா அல்ககோலை அசிட்டிக் அமிலமாக மாற்றுவதால்தான் புளிப்பு வருகிறது. போன அல்ககோல் காய்ச்சினால் திரும்பி வராது. சாராயத்திலுள்ள அல்ககோலான எத்தனோல் 78 பாகையில் கொதிக்கும், அசிட்டிக் அமிலம் 118 பாகையில். அப்போ அமிலம் பானையிலேயே தங்கிவிடும்தானே என்று தோன்றும். தங்காது, நீராவியோடு கொஞ்சம் ஏறி வரும். கெட்ட வாடையும் கூடவே வரும்.

நீலச் சுடர்க் கதை இன்னும் மோசம். பார்வையைப் பறிக்கும் நச்சு அல்ககோலான மெதனோலும் நீலமாகத்தான் எரியும். ஆவியைக் குளிர்விக்கப் பழைய வாகன ரேடியேட்டரைப் பூட்டினால் அதன் ஒட்டுகளிலுள்ள ஈயமும் சாராயத்தில் இறங்கும். குடித்த பிறகு, மறுநாளானாலும் சரி, பார்வை மங்கினால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

அனுமதியில்லாமல் வடிப்பது மதுவரிக் கட்டளைச் சட்டப்படி குற்றம். "வீட்டுத் தேவைக்குத்தானே" என்ற சாட்டு எடுபடாது.

புளித்த கள்ளை வினாகிரியாக விடலாம். மீன் கறிக்கும் அச்சாறுக்கும் ஆகும். பூஞ்சணம் பிடித்திருந்தால் கொட்டிவிடுங்கள்.